கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு சிங்களச் செயலி: எப்படி அமைக்கலாம்?

பாலைநிழல்:

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, தமிழ்ச் சனம் பேச்சுச் சிங்களம் பழகுவதற்கு ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். விளையாட்டு மாதிரியானது. வகுப்புக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள், துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக இருந்து படிக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் தொடங்கினோம். காமன்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்கிற பிள்ளைகள், அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற அம்மாமார், ருகுணு, சப்பிரகமுவ என்று பல்கலைக்கழகம் கிடைத்துத் தெற்குக்குப் போகப்போகிற மாணவர்கள்.

டுவோலிங்கோவில் சிங்களம் இல்லை. இணையத்தில் கிடைக்கிற சிங்களப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. வினைச்சொல் கடைசியில் வரும் என்பதை விளக்கவே அவற்றுக்கு ஒரு பாடம் தேவைப்படுகிறது. நமக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது? 'மம கெதர யனவா' என்றால் 'நான் வீட்டை போறன்', சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கு. 'மட்ட படகினி' என்றால் 'எனக்குப் பசி'. வினை ஆளுக்கு ஆள் மாறுவதும் இல்லை. நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் பேச்சில் 'யனவா' தான். தமிழ் தெரிந்தவருக்குச் சிங்கள இலக்கணம் பாதி தெரிந்த மாதிரி.

இனிக் கேட்க வந்த விசயம். முதல் மாதிரியை எல்லாரும் செய்கிற முறையிலேயே செய்தோம். சரியான விடைக்குப் புள்ளி, தினமும் வந்தால் தொடர் நாள் கணக்கு, வாராந்தம் ஒரு தரவரிசைப் பட்டியல், நடுவே மைக்கை அழுத்தி வாக்கியத்தைச் சொல்கிற பயிற்சி. தெரிந்த சில வீடுகளில் கொடுத்துப் பார்த்தோம். விசுவமடுப் பக்கம் ஒரு தங்கச்சி பழகியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கேட்டுத் தொடுகிற பயிற்சிகளை விறுவிறென்று முடித்தாள். மைக் படம் வந்ததும் நிமிர்ந்து குசினிப் பக்கம் பார்த்தாள். போனின் சத்தத்தைக் குறைத்தாள். கையால் வாயை மறைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னாள். 'மீண்டும் முயற்சி செய்யுங்கள்' என்று வந்தது. திரும்பச் சொன்னாள், அதே பதில். பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொன்னபோது, வெளியே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த தம்பி அந்த வாக்கியத்தை இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டினான். அவள் போனைக் கவிழ்த்துப் பாயில் வைத்துவிட்டாள்.

தகரக் கூரை போட்ட, நடுவே சீலை தொங்கவிட்ட வீடு. தனியாகப் படிக்கிறவர் என்றதும் செயலி செய்கிறவர்கள் பூட்டிய அறையைத்தான் நினைக்கிறார்கள். இங்கே தனியாகப் படிக்கிறவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள்.

மைக்குக்குப் பதில் என்ன வைக்கலாம்? புள்ளியும் பட்டியலும் வேண்டுமா, வேண்டாமா? எந்த வாக்கியத்தில் இருந்து தொடங்குவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


இரணைமடுக்காரி:

நல்ல முயற்சி தம்பி. நான் காமன்டில் இருக்கிறேன், சிங்களம் அரைகுறை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

எல்லாரும் நினைக்கிற மாதிரி, வாய் திறந்து சொல்வது எனக்குப் பெரிய பயம் இல்லை. ஒரு வாக்கியம் பாடமாக்கிக்கொண்டு போனால் சொல்லிவிடுவேன். பயம், அவர் திருப்பிச் சொல்லப்போகிற பதிலுக்குத்தான். கொழும்பில் ஒரு பாமசியில் 'மேக்க கீயத?', இது எவ்வளவு என்று அழகாகக் கேட்டேன். நான் கேட்ட கேள்வி சுத்தமாக இருந்ததாலோ என்னவோ, அந்தப் பிள்ளை எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்து, விலையும் சொல்லி, வேறு கொம்பனியின் மருந்து மலிவு என்றும் சொல்லி, இன்னும் ஏதோ கேள்வியும் கேட்டாள். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன். மிச்சத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இப்படிச் செய்கிறவள் நான் மட்டும் இல்லை. விலை விளங்காது என்று தெரிந்தால் பெரிய தாளாக நீட்டுவது எங்கள் லைனில் பல பிள்ளைகளின் பழக்கம். பெரிய தாள் நீட்டினால் இலக்கம் விளங்கத் தேவை இல்லை.

ஆகவே உங்கள் செயலி என்னைக் கதைக்கப் பழக்க முதல், வருகிற பதிலைத் தாங்கப் பழக்கட்டும்.


அறிவியல்நகர் பெடியன்:

அக்கா சொன்னது செயலியின் அமைப்பையே மாற்றுகிற விசயம். நாங்கள் பார்த்த செயலிகள் எல்லாம் பயனர் ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொன்னதும் கைதட்டிவிட்டு முடிந்துவிடுகின்றன. உண்மையில் கதை தொடங்குவதே அங்கேதான்.


ஒட்டுசுட்டான் ரீச்சர்:

இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொழி வகுப்பில் வருகிற பதற்றத்தைத் தனியாக அளக்க வேண்டும் என்று எலேன் ஹோர்விட்சும் அவருடன் இருவரும் 1986 இல் ஒரு அளவுகோல் செய்தார்கள். 33 கூற்றுகள். பிழைவிடுவேன் என்ற பயம், மற்றவர்கள் என்னை எடைபோடுகிறார்கள் என்ற பயம், மற்றவர் சொல்வது முழுவதும் விளங்காவிட்டால் வருகிற தவிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. இரணைமடுக்காரி சொல்வது அந்தக் கடைசி வகை. கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரியாக இருக்கிற பிள்ளைகூட மொழி வகுப்பில் ஒடுங்கிப் போகிறதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பொதுவான கூச்சம் வேறு, இது வேறு.

இன்னொன்று, மௌன காலம். குழந்தை கதைக்க முதல் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. வேற்றுமொழி படிக்கிறவர்களிலும் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்பது ஸ்டீபன் கிராஷன் போன்றவர்கள் சொன்னது. அவசரப்பட்டு வாயைத் திறக்கவைத்தால் மனதில் ஒரு தடுப்பு விழுந்து, காதில் விழுவதும் உள்ளே போகாது என்பது அவருடைய வாதம். அதை அளந்து காட்ட முடியாது என்று மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் கூச்சப்படுகிற பிள்ளையை முதல் நாளே எழுப்பி நிறுத்துவதால் நன்மை வந்ததை நான் கண்டதில்லை.

அப்புறம், ஜேம்ஸ் ஆஷர் என்பவரின் முறை ஒன்று இருக்கிறது. ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவர் வாய் திறக்காமல் செய்து காட்டுவார். எழும்பு, கதவைத் திற, புத்தகத்தை மேசையில் வை. விளங்கியதா என்பது செயலில் தெரிந்துவிடும். இதை வகுப்பில் செய்தால் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையும் கலந்துகொள்ளும். உங்கள் விளையாட்டுக்கு இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு கடை. படிக்கிறவர்தான் கடையில் நிற்கிறவர். 'பொல் தெகக் தென்ன' என்று ஒரு குரல் கேட்கும். இரண்டு தேங்காயைப் பையில் போட வேண்டும். 'ஹால் கிலோ எகக்' என்றால் ஒரு கிலோ அரிசி. மைக் தேவையில்லை, எழுத்தும் தேவையில்லை, காதும் விரலும் போதும்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சிங்கள எழுத்தை முத்து முத்தாக எழுதுவார்கள். தேத்தண்ணி ஒன்று கேட்கத் தெரியாது. சிங்களத்தில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தமிழைப் போலவே தூரத்தில் இருக்கின்றன. எழுத்தில் 'மம யமி', பேச்சில் 'மம யனவா'. எழுத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறும். தேர்வுக்கு எழுத்து வேண்டும். கடைக்கும் கிளினிக்குக்கும் பேச்சு வேண்டும். நீங்கள் பேச்சை எடுத்தது சரியான முடிவு, அதை நடுவில் மாற்றாதீர்கள்.


மாங்குளம் சந்தி:

குறுக்கே ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம். 1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988 இல் 16ஆம் திருத்தம், சிங்களத்தில் நிருவாகம் நடக்கிற இடங்களிலும் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை நமக்கு உண்டு என்று சொல்கிறது. 2007 இன் சுற்றறிக்கைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். சட்டம் இப்படி இருக்க, தமிழில் படிவம் இல்லை என்று ஒரு அலுவலகம் சொன்னால் அது அலுவலகத்தின் குறை. அதை நம்முடைய பிள்ளையின் கூச்சமாக்கி, அதைப் போக்க ஒரு செயலி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மொழி தெரியாததால் இந்த மண்ணில் சனம் என்ன பாடுபட்டது என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.


பாலைநிழல்:

ஐயா, கோபம் ஒன்றும் இல்லை. இந்தக் கேள்வி எங்களுக்குள்ளும் எழுந்தது. உரிமை உரிமைதான். யாரும் கட்டாயப்படுத்திப் படிக்கிற செயலியாக இது இருக்காது. ஆனால் நாளைக்குக் கிளினிக் போகிற அம்மாவுக்கு, அலுவலகம் திருந்தும் வரை காத்திருக்க நேரம் இல்லை. அவருடைய வருத்தத்தை அவரே டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் பேச்சில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அலுவலகக் காட்சியில் முதல் வாக்கியமாகத் 'தெமள போரமயக் தியெனவத?' என்பதை வைக்கிறோம். தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேட்பது. உரிமையைக் கேட்கவும் ஒரு வாக்கியம் வேண்டுமே.

இரண்டாவது, பயண விளையாட்டு ஒன்றும் யோசித்து வைத்திருந்தோம். ஏ-9 வழியே பஸ்ஸில் முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா, மதவாச்சி என்று ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு காட்சி. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, திரும்ப ஏறுவது. இந்தப் பாதையில் சோதனைச் சாவடியோ சீருடைக்காரரோ ஒரு காட்சியிலும் வரமாட்டார்கள். விளையாட்டு என்று சொல்லி அந்த நெஞ்சிடியை யாருக்கும் திரும்பக் கொடுக்கக் கூடாது.


மாங்குளம் சந்தி:

அது முக்கியம். கட்டாயம் அப்படியே செய்யுங்கள். அந்தப் படிவ வாக்கியத்தை நானும் பாடமாக்குகிறேன்.


அறிவியல்நகர் பெடியன்:

மைக் விசயத்துக்கு வருகிறேன். அந்தத் தங்கச்சிக்குச் செயலி 'மீண்டும் முயற்சி' என்று சொன்னதற்கு அவள் காரணம் இல்லை. குசுகுசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை. 'கல்' இல் வருகிற க, 'தங்கம்' இல் வருகிற க, இரண்டையும் பிரித்துக் காட்டுவது முக்கியமாக அந்த அதிர்வுதான். சிங்களத்தில் இந்த வித்தியாசம் சொல்லின் பொருளையே மாற்றும். குசுகுசுத்தவரின் உச்சரிப்புக்கு மார்க் போடுவது என்பது, அங்கே இல்லாத ஒன்றைத் தேடி மார்க் குறைப்பது. விலை குறைந்த போனின் மைக், பக்கத்தில் கோழி, ரேடியோ, மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தம். இதற்குள் இயந்திரம் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

என் யோசனை: தீர்ப்பு இல்லாத பதிவு. விரும்பினால் உங்கள் குரலைப் பதிந்து, மூலக் குரலுக்குப் பக்கத்தில் வைத்து நீங்களே கேட்கலாம். திரையை விட்டு வெளியே வந்ததும் பதிவு அழிந்துவிடும், போனை விட்டு எங்கும் போகாது. அதை முதல் தரமே தமிழில் தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும். பயந்த ஆளுக்கு, என் குரல் எங்கோ போய்ச் சேர்கிறது என்ற எண்ணமே வாயை அடைத்துவிடும். குரலே வேண்டாம் என்றால், வாக்கியம் ஓடும்போது உதடு அசைத்துக்கூடச் சொல்லும் முறை ஒன்று. அதற்குச் செயலி ஒன்றும் கேட்காது, ஒன்றும் அளக்காது.

டேட்டா பற்றி: முழுவதும் இணையம் இல்லாமல் ஓட வேண்டும். ஒலியை ஓப்பஸ் என்கிற சுருக்கு முறையில் நொடிக்கு 24 கிலோபிட் வைத்தால் பேச்சுக்குத் தாராளம். அது நொடிக்கு 3 கிலோபைட். மூன்று நொடி வாக்கியம் 9 கிலோபைட், 1000 வாக்கியம் 9 மெகாபைட். ஒவ்வொன்றையும் மூன்று வேகத்தில் பதிந்தாலும் 30 மெகாபைட் அளவுதான். ஆண்ட்ராய்டு 5 முதல் இதை வாசிக்கும். ஒரு போனில் இருந்து இன்னொரு போனுக்கு புளூடூத்தில் தள்ளலாம், ரீலோட் போடத் தேவையில்லை.


சத்தமில்லாதவள்:

இப்படி எழுதுவதே எனக்குப் புதிது. ஒரு சின்ன விசயம். எங்கள் வீட்டில் ஒரு போன்தான், அண்ணாவும் பாவிக்கிறார். நான் வேறொரு மொழிச் செயலி போட்டிருந்தேன். 'மூன்று நாளாக உங்களைக் காணவில்லை' என்று திரையில் வந்து விழுந்தது. வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கே அழித்துவிட்டேன். நான் என்ன படிக்கிறேன், எத்தனை நாள் படிக்கவில்லை என்பது என்னுடையது. செயலியாக ஒன்றும் அறிவிக்கக் கூடாது. முகப்புப் படமும் சாதாரணமாக இருந்தால் நல்லது.


இரணைமடுக்காரி:

தங்கச்சி, நீ எழுதியது பெரிய விசயம். எழுது, இன்னும் எழுது.


பாலைநிழல்:

அறிவித்தல் முழுவதும் நிறுத்தம். ஒரே போனில் ஆளுக்கு ஆள் தனிப் பக்கம், ஒருவர் பக்கத்தை மற்றவர் திறக்க முடியாதபடி. குறித்துக்கொண்டேன். சொன்னதற்கு மிக்க நன்றி தங்கச்சி.


ஒட்டுசுட்டான் ரீச்சர்:

இந்த இடத்தில் புள்ளி, பட்டியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் கீறுவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு, கீறினால் பொன் முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை. பிறகு சும்மா விட்டுப் பார்த்தபோது, பரிசுக்காகக் கீறிய பிள்ளைகள்தான் மற்ற இரு பகுதியினரையும் விடக் குறைவாகக் கீறினார்கள். சொல்லாமல் கிடைத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை.

தரவரிசைப் பட்டியல் கூச்சக்காரருக்குப் பரிசளிப்பு மேடை மாதிரி. கடைசியில் நின்றாலும் பார்க்கிறார்கள், முதலில் நின்றாலும் பார்க்கிறார்கள். எடுத்துவிடுங்கள்.


அறிவியல்நகர் பெடியன்:

ரீச்சர், பட்டியலை எடுக்கலாம். ஆனால் முன்னேற்றம் எதுவுமே தெரியாவிட்டால் விளையாட்டு என்று சொல்ல என்ன இருக்கிறது? திரும்ப வர ஒரு காரணம் வேண்டுமே. தொடர் நாள் கணக்கு பலருக்கு உண்மையில் வேலை செய்கிறது.


இரணைமடுக்காரி:

தொடர் கணக்கு எங்களுக்குச் சரிவராது தம்பி. ஓவர்டைம் வந்தால் வீட்டுக்கு வந்து நித்திரைதான். காலபோக அறுவடைக்கு வீடே வயலில் நிற்கும். அதற்குப் பிறகு திறந்தால் பூச்சியத்தில் நிற்கிற கணக்கைப் பார்த்து ஆர் திரும்பத் தொடங்குவார்?


பாலைநிழல்:

இதற்கு நாங்கள் வைத்திருக்கிற யோசனை, குளம். வன்னியில் ஒரு பெயரில்லாத சின்னக் குளம். ஒவ்வொரு சொல்லும் பழகப் பழக நீர்மட்டம் ஏறும். அணைக்கட்டில் அடிக்கணக்குப் பலகை ஒன்று, இத்தனை அடி என்று காட்டும். போதிய மட்டம் வந்ததும் மதகு திறந்து ஒரு வயலுக்குத் தண்ணீர் போகும், அந்த வயல்தான் அடுத்த காட்சி. நீங்கள் வராவிட்டால் குளம் வற்றாது. எத்தனை நாள் கழித்து வந்தாலும் விட்ட அடியிலேயே நிற்கும்.


அறிவியல்நகர் பெடியன்:

குளம் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும். மறதி என்பது உண்மை. எபிங்ஹாஸ் 1885 இலேயே தன்னைத் தானே சோதித்துக் காட்டிவிட்டார், திரும்பப் பார்க்காவிட்டால் படித்ததில் பெரும் பகுதி சீக்கிரமே போய்விடும் என்று. குளம் வற்றாமல் நின்றால் செயலி பொய் சொல்கிறது ஆகாதா?


பாலைநிழல்:

உள்ளே கணக்கு நடக்கும். 1970களில் லைட்னர் சொன்ன பெட்டி முறைதான். தெரிந்த சொல் அடுத்த பெட்டிக்குப் போய் நாள் கழித்து வரும், மறந்த சொல் முதல் பெட்டிக்கு வந்துவிடும். அதைத் திரையில் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. மறந்த சொல் அடுத்த காட்சியில் கடைக்காரர் வாயில் தற்செயலாக வருவது போல வரும். படிக்கிறவருக்குத் தண்டனை மாதிரித் தெரியாது.

அங்கி (Anki) என்ற சொல் அட்டைச் செயலியைப் பாவித்தவர்களுக்குத் தெரியும், ஒரு மாதம் விட்டுத் திறந்தால் நூற்றுக்கணக்கான அட்டைகள் குவிந்து நிற்கும். அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள்தான் அதிகம். ஆகவே நீண்ட நாள் கழித்து வருகிறவருக்கு முதல் காட்சியில் அவருக்கு நன்றாகத் தெரிந்த சொற்களே வரும். பாண், மேசை, சப்பாத்து, அலுமாரி, சீனி, கடை, முதலாளி. இவை இரண்டு மொழியிலும் ஒட்டியே இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கும் இதே வாசல்தான். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பிழைகூட விடாமல் வெளியே வர வேண்டும்.


செட்டிகுளத்தான்:

பிந்தி வந்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு மொழியும் காதில் விழுந்தே வளர்ந்தோம், ஆகவே மூன்று விசயம் சொல்கிறேன்.

சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பிக்கப் போகிறீர்கள் என்றால் கவனம். மஞ்சளுக்கும் மரத்துக்கும் தமிழில் 'கஹ' என்றுதான் எழுத வரும். மஞ்சளில் வருவது 'கல்' இன் க. மரத்தில் வருவது 'தங்கம்' இன் க. மலைக்கும் மரத்தின் அடிக்கும் அதேபோல 'கந்த' தான், ஒன்றில் மூக்கொலி முழுதாக வரும், மற்றதில் பட்டும் படாமலும் வரும். தமிழ் எழுத்தை மட்டும் நம்பிப் படித்தவர் கடையில் மஞ்சள் கேட்க, கடைக்காரர் விழிப்பார். கூச்சப்படுகிற ஆளுக்கு அந்த ஒரு பார்வை போதும், பிறகு ஒரு வருடம் கேட்கமாட்டார். குரலையும் படத்தையும் முன்னுக்கு வையுங்கள், எழுத்து பின்னால் சின்னதாக வரட்டும். அதிர்ந்து வருகிற எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டால் போதும்.

இரண்டு, மரியாதை. 'நீங்கள்' என்பதற்குச் சொல்கிற 'ஒயா' எல்லாருக்கும் பொருந்தாது. வயதில் மூத்தவருக்கும் அலுவலகத்தில் இருக்கிறவருக்கும் முன்னிலைச் சொல்லே இல்லாமல் கதைப்பதுதான் நல்லது. 'மஹத்தயா', 'மிஸ்' என்று கூப்பிட்டுவிட்டு விசயத்தைச் சொல்லலாம். அங்கே 'அய்யா' என்றால் அண்ணன், ஆகவே நாங்கள் பெரியவரை ஐயா என்று கூப்பிடுகிற பழக்கத்தில் கூப்பிட்டுவிடக் கூடாது. மரியாதை இல்லாத 'நீ' ஆன 'உம்ப' என்பதைச் செயலியில் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். காதில் விழுந்தால் விளங்கினால் போதும்.

மூன்று, வேகம். மெதுவான குரல் வேண்டும் என்று கணினியால் இழுத்து நீட்டாதீர்கள். அப்படி ஒரு மனிசரும் கதைப்பதில்லை. ஒரே ஆளிடம் மெதுவாக ஒருதரம், சாதாரணமாக ஒருதரம், பஸ் கொண்டக்டர் வேகத்தில் ஒருதரம் பதியுங்கள். 'இஸ்ஸரஹட்ட யன்ன', முன்னுக்குப் போங்கள் என்பது கொண்டக்டர் வாயில் பாதி எழுத்து விழுங்கித்தான் வரும். அந்தப் பாதி விழுங்கியதைத்தான் எங்கள் சனம் கேட்கப்போகிறது.


பாலைநிழல்:

எல்லாவற்றையும் வைத்து இரவு நாங்கள் மூவரும் இருந்து கதைத்தோம். விளையாட்டின் நடுப்பகுதியை மாற்றுகிறோம்.

முதல் பாடம் வணக்கமும் இல்லை, எண்ணும் இல்லை. மூன்று வாக்கியம். 'ஆயெத் கியன்ன', திரும்பச் சொல்லுங்கள். 'ஹெமின் கியன்ன', மெதுவாகச் சொல்லுங்கள். 'தேருனே நே', விளங்கவில்லை. இந்த மூன்றும் திரையின் அடியில் பொத்தான்களாக எல்லாக் காட்சியிலும் நிற்கும். கடைக்காரர் மடமடவென்று விலை சொல்வார். 'ஹெமின் கியன்ன' வை அழுத்தினால் முகம் சுளிக்காமல் மெதுவாகச் சொல்வார். புள்ளி குறையாது. மாறாக, விளங்காத இடத்தில் திருப்பிக் கேட்டால் குளத்தில் நீர் ஏறும். விளங்காமலே தலையாட்டிவிட்டுப் போனால் காட்சி முடியும், நீர் ஏறாது. திருப்பிக் கேட்பதைச் சரியான விடையாகக் கணக்கெடுக்கிற செயலி ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை, கூச்சப்படுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான் என்று இப்போது நம்புகிறேன்.

இரணைமடுக்காரி அக்காவின் ஆயிரம் ரூபாய்த் தாளையும் காட்சியாக்கிவிட்டோம். கையில் சில்லறையும் பெரிய தாளும் இருக்கும். 'பனஹ' என்றால் ஐம்பது, 'பன்சிய' என்றால் ஐந்நூறு, 'துன்சிய பனஹ' என்றால் முந்நூற்றைம்பது. பெரிய தாளை நீட்டினாலும் சாமான் கிடைக்கும், ஆனால் மிச்சக் காசை எண்ணிப் பார்க்கச் சொல்லும். சில சமயம் கடைக்காரர் குறைத்துத் தந்திருப்பார். 'சல்லி அடுய்' என்று சொல்லப் பழக வேண்டும், காசு குறைகிறது என்று.


இரணைமடுக்காரி:

அதை முதல் ஆளாக நான் விளையாடிப் பார்க்கிறேன். 'சல்லி அடுய்' என்று சொல்கிற இடத்தில் கடைக்காரர் மறுத்தால் என்ன செய்வது என்பதையும் வையுங்கள். எல்லாக் கடைக்காரரும் நல்லவராக இருந்தால் வெளியே போய் ஏமாந்துவிடுவோம்.


ஒட்டுசுட்டான் ரீச்சர்:

அதைக் கடைசிக் காட்சிகளில் வையுங்கள், தொடக்கத்தில் வேண்டாம். முதலில் கொஞ்சம் நம்பிக்கை வரட்டும்.


பாலைநிழல்:

ஓம் ரீச்சர், மதவாச்சிக்குப் பிறகு. இப்போது அவசரத் தேவை குரல். எங்களிடம் இருப்பது ஒரு பல்கலைக்கழக நண்பரின் குரல் மட்டும், செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. வயதானவர், கடைக்காரர், தாதி, கொண்டக்டர் என்று பலவிதமான குரல் வேண்டும்.


செட்டிகுளத்தான்:

எங்கள் மாமி மதவாச்சிப் பக்கத்து ஆள், பல வருடம் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார். கேட்டேன், சந்தோசமாகச் சம்மதித்தார். ஆனால் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அவரும் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார். நான் சாமான் கேட்கிறேன், அவர் தன் பாட்டில் பதில் சொல்லட்டும், முழுவதையும் பதிந்து பிறகு வெட்டி எடுங்கள். போனில் பதிந்தால் போதுமா, இல்லை மைக் கொண்டு வருகிறீர்களா?


பாலைநிழல்:

போன் போதும் அண்ணா. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மாமிக்கு ஒரு முழத் தூரத்தில் ஒரு துணியின் மேல் வையுங்கள். சாமான் பட்டியலை இரவைக்கு அனுப்புகிறேன். நீங்கள் கேட்கும்போது இடைக்கிடை 'ஹெமின் கியன்ன' என்றும் சொல்லுங்கள், அவர் உண்மையில் எப்படி மெதுவாகத் திருப்பிச் சொல்கிறார் என்பது எங்களுக்கு வேண்டும்.